கிடாரிக்குப் போட்ட நீலக் குச்சி

எனக்கு மாட்டைக் கண்டால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். சின்ன வயதில் ஒரு பசு என்னை முட்டவில்லை, துரத்தவில்லை. சும்மா திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்படிப்பட்டவனுக்கு, மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள் மனைவியாக வாய்த்தாள். நான் தையல் கடைக்காரன். "ஊசியும் ஊசியும் சேர்ந்த ஜோடி" என்று கல்யாணத்தன்று ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்துச் சொல்லி, அதற்கு அவரே மூன்று முறை சிரித்துக்கொண்டார்.

ஊரில் அவளை ஊசியக்கா என்பார்கள். தொண்ணூறு வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். உண்மையில் சினை ஊசி என்பது ஊசியே அல்ல. நல்ல காளையின் விந்தை மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகளில் அடைத்து, நைட்ரஜன் ஊற்றிய கேனுக்குள் உறைய வைத்திருப்பார்கள். ஒரு மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அவளுக்கு ஃபோன் வரும். போய் இறங்கி, கேனின் மூடியைத் திறந்து, இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போடுவாள். துடைத்து, முனையை வெட்டி, நீளக் கம்பி மாதிரி இருக்கிற கருவிக்குள் செருகுவாள். இடது கைக்குத் தோள் வரை உறை. அந்தக் கை மாட்டின் பின்புறம் வழியாக உள்ளே போய், கருப்பையின் வாயைத் தடவிப் பிடித்துக்கொள்ளும். வலது கை கருவியைச் செலுத்தும். இரண்டு நிமிட வேலை. இருபத்து மூன்று வருடமாக இதையே செய்து, அவளுடைய இடது கை வலது கையைவிடத் தடித்துவிட்டது. அவள் ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் இடது கையை அரை அங்குலம் தாராளமாக வெட்டுகிறேன்.

வாய் கொஞ்சம் நீளம். "என்ன கன்னு பொறக்கும்க்கா?" என்று யாராவது கேட்டால், "மாட்டுக் கன்னுதான், வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்பாள். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கத்துகிற மாட்டுக்குக் காய்ச்சலோடும் போவாள். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் போட வேண்டும், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. அந்தக் கணக்கில் ஒரு நாளும் அவள் தவறியதில்லை.

ஐம்பது வயது தாண்டியதும் கண் மங்கியது. தூரத்தில் போகிற மாட்டைப் பார்த்து அது எத்தனை மாதச் சினை என்று சொல்வாள். கையில் இருக்கிற குச்சியின் மேல் எறும்பு அளவில் அச்சடித்திருக்கிற காளையின் எண்ணைப் படிக்க முடியாது. கண்ணாடி போடச் சொன்னேன். குனிந்தால் மூக்கிலிருந்து வழுக்கிச் சாணியில் விழுகிறது என்றாள். அது பாதி உண்மை. "கண்ணு தெரியாதவ ஊசி போட வந்துட்டா" என்று பேசுவார்களோ என்ற பயம்தான் மீதிப் பாதி. அதனால் நிறத்தைப் பார்த்து எடுத்தாள். சின்ன இனத்துக் காளை என்றால் நீலக் குச்சி. பெரிய இனம் என்றால் பச்சைக் குச்சி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

இந்தச் சின்னதுக்கும் பெரியதுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் நாங்கள் பட்ட பாடு புரியாது. பெரிய இனத்துக் காளையின் கன்று வயிற்றுக்குள்ளேயே தாட்டியாக வளரும். ஏற்கெனவே இரண்டு கன்று போட்ட மாடு அதைச் சமாளித்துவிடும். முதல் முறை ஈனுகிற கிடாரிக்கு இடுப்பெலும்பு விரிந்திருக்காது. கன்று வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கன்று சாகும், சில சமயம் தாயும் சேர்ந்து சாகும். அதனால் கிடாரிக்குச் சின்னக் காளைதான். இது என் மாதிரித் தையல்காரனுக்கே தெரியும்.

என் கொழுந்தியாளிடம், அதாவது மனைவியின் தங்கையிடம், ஒரு கிடாரி இருந்தது. அவள் புருஷன் கப்பலில் சமையல்காரர், வருடத்துக்கு ஒரு முறை வருவார். பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கிடாரியின் தாய், கன்று போட்ட மூன்றாம் நாள் பால் காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. பாட்டிலில் பால் கொடுத்து, கோணியால் போர்த்தி, கொழுந்தியாள்தான் இதை வளர்த்தாள். அவள் பேசுவதில் முக்கால்வாசி அதனிடம்தான். எங்களிடம் பேசியது மிச்சம் மீதிதான்.

அது பருவத்துக்கு வந்தபோது அவள் தெரு முனையில் இருக்கிற மர அறுவைக்காரரின் காளையிடம் ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். என் மனைவி விடவில்லை.

"ஏண்டி, அந்தக் காளை யாருன்னு தெரியுமா? இதோட அப்பன்டி! அப்பன்கிட்டயே மகளை ஓட்டிட்டுப் போவியா?"

"மாட்டுக்கு அதெல்லாம் என்னக்கா தெரியும்?"

"மாட்டுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும்ல? சொந்த ரத்தத்துலயே சேர்த்தா கன்னு சோடையாப் பொறக்கும். இல்ல, பொறந்து செத்துப்போகும். நான் போடறேன், இரு."

கொழுந்தியாள் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இதுக்கு ஒண்ணும் ஆயிடாதேக்கா? இதோட அம்மாவை என் கண்ணால பாத்தேன். அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"சின்னக் காளையோடதுதான் போடப் போறேன். கன்னு கைக்கு அடக்கமா நழுவி விழும். பாரத்தை எம்மேல போடு."

அப்படிச் சொல்லிவிட்டுக் கேனைத் திறந்து ஒரு நீலக் குச்சியை எடுத்தாள். நான் வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு வண்டி ஓட்ட வராது. கடையைப் பூட்டிவிட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

பன்னிரண்டாம் நாள் கேனுக்கு நைட்ரஜன் நிரப்ப ஆள் வந்தார். ஊற்றி முடித்து, கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏறுவதற்கு முன் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"போன தடவை வந்த குச்சிங்க வேற கம்பெனிதுக்கா. கலர் மாறி இருக்கும், பாத்திருப்பீங்களே. பெருசு நீலம், சின்னது மஞ்சள்."

"ஆமா, பாத்தேன்" என்றாள் என் மனைவி.

அவர் போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. போட்டு முடித்த காலிக் குச்சிகளை மாதக் கடைசி வரை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பது அவள் வழக்கம். அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். புதுக் கம்பெனிக் குச்சிகள் ஐந்து இருந்தன, ஐந்தும் நீலம். ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். எனக்குக் கண் நல்ல கூர்மை, கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கிறவன். ஐந்தும் பெரிய காளை.

"அதுல நாலு பெரிய மாடுங்க. எதைப் போட்டாலும் தாங்கும்" என்றாள். ஐந்தாவதைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

"இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"போய்ச் சொல்லணும். மாட்டு டாக்டர்கிட்ட சொன்னா ஒரு மருந்து போட்டுக் கலைச்சிடுவாரு. இப்பவே பண்ணா மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த பருவத்துல சரியானதைப் போட்டுக்கலாம்."

எவ்வளவு எளிமையாக இருக்கிறது, பாருங்கள். அன்றைக்கே போயிருந்தால் எழுத இங்கே ஒன்றுமே இருந்திருக்காது. நான்தான் தடுத்தேன். எனக்குப் பயம். கொழுந்தியாள் வாயைத் திறந்தால் தெருவே கேட்கும். தெரு கேட்டால் ஊர் கேட்கும். இருபத்து மூன்று வருடம் சேர்த்து வைத்த பேர், "கண்ணு தெரியாம சொந்தத் தங்கச்சி மாட்டுக்கே தப்பாப் போட்டவ" என்று ஒரே நாளில் போய்விடும். அதற்குப் பிறகு இவளை எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? கொழுந்தியாளின் வீட்டைத் தவிர எங்களுக்குப் போக வர வேறு வீடும் கிடையாது.

"அவசரப்படாதே. முதல் ஊசியிலயே சினை நிக்குமா? இருபத்தோராம் நாள் மறுபடி கத்துச்சுன்னா பிரச்சினையே இல்ல. இன்னும் ஒன்பது நாள்தானே, பொறு" என்றேன்.

பொறுத்தாள். அந்த ஒன்பது நாளும் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. கிடாரி கத்தாதா, கத்தாதா என்று ஏங்கினோம். மாடு கத்த வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். இருபத்தோராம் நாள் வந்தது, போனது. இருபத்தைந்தாம் நாள் கொழுந்தியாளே கூப்பிட்டாள்: "அக்கா, இன்னும் கத்தவே இல்லக்கா! நின்னுடுச்சு போல!" அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றாள் மனைவி.

"கத்தலைன்னா சினைன்னு அர்த்தமா? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே, சிலது சத்தமில்லாமப் பருவத்துக்கு வரும்னு. கையை விட்டுப் பாக்கற நாள்ல பாத்துட்டு, அப்புறம் சொல்லு. இல்லாத சினைக்கு எதுக்கு ஊரைக் கூட்டணும்?" என்றேன். பயந்தவனுக்கு வாதம் மட்டும் பிரமாதமாக வரும்.

சினை பார்க்கிற நாள் எழுபதாம் நாள். போகிற வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். கொட்டகையில் கையை உள்ளே விட்டாள். நான் வாசலிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னக்கா? சொல்லுக்கா" என்றாள் கொழுந்தியாள்.

"சினைதான்."

கொழுந்தியாள் ஒரு கூச்சல் போட்டாள். கிடாரியின் நெற்றியில் முத்தம் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் கை ராசி யாருக்கும் வராதுக்கா" என்றாள். என் மனைவி உறையைக் கழற்றிவிட்டு, "இங்க பாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

நான் இருமினேன். வேண்டுமென்றே, பலமாக. "நேரமாச்சு. கடையில ஆள் வந்து நிப்பாங்க. கிளம்பு, கிளம்பு."

கடையில் யாரும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "தண்ணி நிறையக் காட்டு" என்று சொல்லிவிட்டு வந்து பைக்கில் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாள் கடந்துவிட்டது. மாதம் ஏற ஏறக் கலைப்பது ஆபத்து என்று அவளே சொல்லியிருந்தாள். ஐந்தாம் மாதம் முடிந்ததும் அந்த வழியும் அடைபட்டது. இனி கன்று வெளியே வந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

மிச்சம் இருந்த நான்கு மாதங்களை எப்படித் தள்ளினோம் என்று கேட்காதீர்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு யார் வீட்டு மாட்டுக்குப் போனாலும் குச்சியை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, படித்துச் சொன்ன பிறகுதான் போட்டாள். இரண்டு முறை படிக்கச் சொல்வாள். வாரத்துக்கு ஒரு தரம் ஏதாவது சாக்கு வைத்துத் தங்கை வீட்டுக்குப் போய், கிடாரியின் இடுப்பைக் கையால் அளந்துவிட்டு வருவாள். நான் துணி அளக்கிற மாதிரி, சாண் போட்டு.

"புண்ணாக்கை நிறுத்து. தவிட்டைப் பாதியாக் குறை" என்றாள் ஒரு நாள்.

கொழுந்தியாளுக்குப் புரியவில்லை. "ஊர்ல எல்லாரும் சினை மாட்டுக்கு ரெண்டு மடங்கு வைக்கச் சொல்வாங்க. நீ குறைக்கச் சொல்றியே?"

"கொழுப்பு வச்சா ஈனறது கஷ்டம். சொன்னதைக் கேளு."

"சரிக்கா" என்றாள். ஆனால் கேட்கவில்லை. பாவம், அதன் முகத்தைப் பார்த்தால் மனசு வராதாம். அக்கா தலை மறைந்ததும் ஒரு கூடை எடுத்து வைத்துவிடுவாள். எட்டாம் மாதம் நான் எட்ட நின்று பார்த்தேன். வயிறு இரண்டு பக்கமும் பானை மாதிரி தள்ளிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்குல்ல மாமா?" என்றாள் கொழுந்தியாள். "நல்லா இருக்கும்மா" என்றேன்.

ஒரு நாள் காலை ஒன்பது மணி. நான் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி கடைக்கு ஓடி வந்தாள். செருப்பு இல்லை. "தண்ணிக்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரமாச்சாம். எடுங்க வண்டியை."

நாங்கள் போனபோது கிடாரி பக்கவாட்டில் படுத்துக் கால்களை உதறிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு குளம்புகள் மட்டும் வெளியே தெரிந்தன. எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் கன்றின் குளம்பு அவ்வளவு பெரிதாக இருக்கக் கூடாது என்று தெரிந்தது. மனைவி சோப்பைத் தேய்த்துக் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள்.

"தலை நேராத்தான் இருக்கு. பெருசு. வர மாட்டேங்குது. டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் எடுத்தார். வேறு ஊரில் இருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். கிடாரி ஒரு சத்தம் போட்டது. அது கத்தல் இல்லை, மனுஷர் முனகுவது மாதிரி இருந்தது. கொழுந்தியாள் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அம்மா மாதிரி போயிடாதேடி, போயிடாதேடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு மணி நேரம் தாங்காது" என்றாள் மனைவி. சமையலறையிலிருந்து எண்ணெயைக் கொண்டுவரச் சொல்லி, பாட்டில் முழுவதையும் உள்ளே ஊற்றினாள். கன்றின் முன்னங்கால் இரண்டிலும் கயிறு கட்டினாள். ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். "வாங்க இங்க."

நான் அசையவில்லை.

"வாங்கன்னு சொன்னேன்!" இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை அப்படி அதட்டியதில்லை. போனேன். மாட்டின் பின்னங்கால் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கயிற்றைப் பிடித்தேன்.

"அது முக்கும்போது மட்டும் இழுக்கணும். விட்டா விட்டுடணும். நேரா இல்ல, தரையைப் பாத்து இழுங்க. முதல்ல உங்க கயித்துல இருக்கற கால், அப்புறம் என் கயித்துல இருக்கறது. இப்ப!"

எவ்வளவு நேரம் இழுத்தோம் என்று தெரியாது. கை தோல் உரிந்தது. பக்கத்து வீட்டு மளிகைக்காரர் வந்து கயிற்றில் சேர்ந்துகொண்டார். மூக்கு தெரிந்தது, நாக்கு நீலமாகத் தொங்கியது. அதற்கு மேல் நெற்றி வரவே இல்லை. மனைவி விரல்களை இடுக்கில் விட்டு அகட்டிக்கொண்டே, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் தங்கை மாட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது பயமும் குற்ற உணர்வும் சேர்ந்த அழுகை.

டாக்டர் வந்து சேர்ந்த நேரமும் தலை வெளியே வந்த நேரமும் ஒன்று. அவரும் பிடித்து இழுத்தார். கன்று மொத்தமாக வந்து வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. மனைவி அதன் மூக்குக்குள் ஒரு வைக்கோலை விட்டுத் திருகினாள், மார்பைத் தேய்த்தாள், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னாள். ஒரு தும்மல். அப்புறம் இன்னொன்று. காளைக் கன்று. கறுப்பு உடம்பில் பெரிய பெரிய வெள்ளைத் திட்டு, பெரிய இனத்தின் அடையாளம்.

டாக்டர் கிழிந்த இடத்தைத் தைத்தார். நானும் தையல்காரன்தான், பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையைக் கழுவும்போது அவர் கன்றை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"முதல் ஈத்துதானே? எந்தக் காளை போட்டீங்க?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சின்னதுதான் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி அந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தார். "ம்" என்றார். "கன்னு அழுத்தினதுல தாய்க்குத் தொடை நரம்பு மரத்துப் போயிருக்கு. எழுந்திருக்கிற வரைக்கும் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும். ஒரே பக்கமாப் படுத்தா செத்துடும். எழுந்திருக்குமான்னு இப்ப சொல்ல முடியாது." போய்விட்டார்.

மூன்று நாள் என் மனைவி அந்தக் கொட்டகையை விட்டு வரவில்லை. கோணிப்பைகளை அடியில் கொடுத்து, நாலு பேர் சேர்ந்து புரட்டுவோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். படுத்தபடியே சீம்பாலைக் கறந்து கன்றுக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அது எழுந்திருக்கப் பார்க்கும், பின்னங்கால் வழுக்கும், தொப்பென்று விழும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். கொழுந்தியாள் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பல்லவி பாடினாள். "அக்கா மட்டும் இல்லேன்னா ரெண்டும் போயிருக்கும். சாமி மாதிரி வந்தா." மனைவி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கமாம். அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் காலையில் மாடு முன்னங்கால்களை ஊன்றியது, ஆடியது, எழுந்து நின்றது. நின்றே விட்டது. கொழுந்தியாள் என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எனக்கும் ஒன்பது மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. முடிந்தது, இனி யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நிம்மதிக்கு ஆயுசு அரை நிமிடம்.

"அக்கா, கன்னைப் பாரேன், யானைக்குட்டி மாதிரி! அடுத்த தடவையும் இதே காளையையே போடுக்கா" என்றாள் கொழுந்தியாள்.

மளிகைக்காரர் வாசலில் நின்றார். "எங்க வீட்டுக் கிடாரியும் அடுத்த வாரம் பருவத்துக்கு வந்துடும்போல. அதுக்கும் இதையே போட்டுடுங்கக்கா. ஈனறது கொஞ்சம் கஷ்டம்னாலும் நீங்க இருக்கீங்கல்ல."

மனைவி மாட்டின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்தாள். நான் பலமாக இருமினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"போட மாட்டேன்" என்றாள். "இதுக்கே நான் போட்டிருக்கக் கூடாது. குச்சி மாறிடுச்சு. சின்னக் காளைன்னு நினைச்சுப் பெரிய காளையைப் போட்டுட்டேன். எண்ணைப் படிக்க என் கண்ணுக்குத் தெரியல. கலரைப் பாத்துப் போட்டேன். தப்பு என்னோடதுதான்."

கொழுந்தியாளின் சிரித்த முகம் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"இப்பதாம்மா, கன்னைப் பாத்தப்புறம்தான் சந்தேகம்..." என்று ஆரம்பித்தேன். நாக்கு தானாகவே ஓடியது. நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பயத்தில் வந்தது.

"பன்னெண்டாம் நாள்" என்றாள் என் மனைவி. "போட்ட பன்னெண்டாம் நாளே தெரியும். அப்பவே சொல்லியிருந்தா டாக்டர் கலைச்சிருப்பாரு. இந்த மாடு இவ்வளவு பட்டிருக்காது. பயந்துட்டேன்."

மளிகைக்காரர் மெல்ல நழுவினார். கொழுந்தியாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, "நான் அதுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள். நாங்கள் வந்துவிட்டோம்.

மனைவி அன்றைக்கே நடந்ததைக் கால்நடைத் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கண்ணாடி வாங்கினாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா தைத்துக் கொடுத்தேன். ஊர் பேசியது. சில வீடுகள் கூப்பிடுவதை நிறுத்தின. மற்றவர்கள் குச்சியை ஒரு முறை தாங்களும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தங்கை மட்டும் பேசவில்லை. அதுதான் அவளைத் தின்றது. ஃபோன் அடித்தால் ஓடுவாள், பெயரைப் பார்ப்பாள், உட்கார்ந்துவிடுவாள்.

மூன்று மாதம் கழித்து அந்த ஃபோன் வந்தது. அவளுக்கு இல்லை, என் கடைக்கு.

"மாடு காலையிலிருந்து கத்துது. சாயங்காலம் அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் கொழுந்தியாள்.

சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "வர்றோம்மா, இப்பவே வேணும்னாலும்..."

"அக்காவை விட்டுட்டு நீங்க வெளியிலயே நில்லுங்க மாமா. அவ பயந்துக்கிட்டே உண்மையைச் சொல்லிட்டா. நீங்க பயந்துக்கிட்டே எம் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொன்னீங்க. நான் கேட்டது என் மாட்டோட உசிரைப் பத்தி." வைத்துவிட்டாள்.

சாயங்காலம் போனோம். மனைவி கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பைக்கை நிறுத்திவிட்டு வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே கேன் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மனைவி காளையின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தம் போட்டுப் படித்தாள். தங்கை அதை வாங்கித் திரும்பப் படித்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தது. பிறகு இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். யாரும் என்னை உள்ளே வரச் சொன்னதில்லை. வரட்டுமா என்று கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.